அல்ட்ராசவுண்டில் தாடை முறிவு தெரியவில்லை என்றால், முறிவே இல்லை என்று நம்பலாமா?

கேட்கப்பட்டது இதுதான்: நான்கு மாதக் கர்ப்பிணியான தங்கை படியில் கால் தவறி, முகவாய்க்கட்டை தரையில் மோதும்படி விழுந்திருக்கிறார். முகவாயில் தையல் போட்டிருக்கிறார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆகாது என்ற பயத்தில் வீட்டில் யாரும் எக்ஸ்ரேவுக்குச் சம்மதிக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தாடையில் அல்ட்ராசவுண்ட் பார்த்து, "முறிவு எதுவும் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளாகியும் வாய் முழுதாகத் திறக்கவில்லை. இடது காதுக்கு முன்னால் வலி இருக்கிறது, பற்களும் பழையபடி சேரவில்லை. அந்த ஸ்கேனை நம்பலாமா? தாடை முறிவைக் கண்டுபிடிக்க அல்ட்ராசவுண்ட் சரியான வழிதானா?

முதலில் உங்கள் தங்கை விஷயம். அந்த ஸ்கேனை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். இன்றோ நாளையோ முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் அழைத்துப் போங்கள், எக்ஸ்ரே வேண்டும் என்று அவர் சொன்னால் தயங்காமல் எடுங்கள். நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் சேர்ந்து ஒரே இடத்தை, காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டை, காட்டுகின்றன. அல்ட்ராசவுண்ட் கண்ணுக்கு அதிகம் தப்பும் இடமும் அதுவேதான்.

இனி, ஏன் அப்படி என்று சொல்கிறேன். அல்ட்ராசவுண்டைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. முக எலும்பு முறிவுகளில் அதற்கு நல்ல இடம் உண்டு, இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் அது "முறிவு இருக்கிறது" என்று சொல்லும்போது இருக்கும் பலம், "முறிவு இல்லை" என்று சொல்லும்போது அதற்குக் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது.

அல்ட்ராசவுண்ட் என்பது காதுக்குக் கேட்காத ஒலி. தோலுக்கு அருகில் இருப்பதைப் பார்க்க, வினாடிக்கு 70 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி அதிர்வுகள் வரை, அதாவது 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒலி அனுப்பும் நீளவாட்டுப் புரோப்பைப் பயன்படுத்துவார்கள். தசையிலும் கொழுப்பிலும் ஒலி வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகும். எலும்பில் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு மேல் தாவிவிடும், அடர்த்தியும் கூடிவிடும். அதனால் தசையிலிருந்து எலும்புக்குள் நுழையும் எல்லையிலேயே ஒலியின் ஏறத்தாழ 40 சதவீதம் திரும்பிவிடுகிறது. உள்ளே போன மீதியையும் எலும்பு உறிஞ்சியும் சிதறடித்தும் தீர்த்துவிடும். திரையில் எலும்பின் மேற்பரப்பு பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு நிழல்.

எலும்புக்குள் பார்க்க முடியாது என்பதைப் பலரும் பெரிய குறையாகச் சொல்வார்கள். முறிவைத் தேடும்போது அந்தக் குறையே உதவியும் செய்கிறது. முறிவு என்பது பெரும்பாலும் மேற்பரப்பு அறுபடுவதுதான். வழுவழுவென்று ஓட வேண்டிய வெள்ளைக் கோடு ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கும். இல்லையென்றால் ஒரு பக்கம் மேலேறி, மறுபக்கம் இறங்கி, படி போலத் தெரியும். பக்கத்தில் ரத்தம் கட்டியிருந்தால் அது கருமையான திட்டாகத் தென்படும். 10 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 0.15 மில்லிமீட்டர்தான். அதனால் புரோப் சரியான கோணத்தில் நின்றால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான மேடுபள்ளம்கூடப் பிடிபடும்.

இது நன்றாக வேலை செய்யும் இடங்கள்: கீழ்த்தாடையின் முன்பகுதி, பக்கவாட்டுப் பகுதி, தாடைக் கோணம், கோணத்துக்கு மேலே ஏறும் தட்டையான பகுதியின் வெளிப்புறம். எல்லாமே தோலுக்குக் கீழே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருப்பவை. கன்ன எலும்பின் வளைவும், கண்குழியின் கீழ் விளிம்பும், மேல்தாடையின் முன்சுவரும் அப்படியே. கன்ன வளைவு உள்ளே அமுங்கியிருந்தால் புரோப்பை வைத்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அறுவை சிகிச்சையில் அதைத் தூக்கி நிமிர்த்தும்போது சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று மேசையிலேயே பார்த்துக்கொள்ளவும் அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது. அந்த வேலைக்கு அதைவிட வசதியான கருவி இல்லை என்பது என் எண்ணம்.

மேல்தாடையில் இன்னொரு வேடிக்கை உண்டு. மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையில் காற்று இருக்கும்வரை அதன் முன்சுவர் மட்டுமே தெரியும், காற்று ஒலியை முழுவதுமாகத் திருப்பிவிடும். முறிவினால் அறைக்குள் ரத்தம் நிரம்பிவிட்டால் ஒலி அதன் வழியாகப் போய்ப் பின்சுவரைத் தொட்டுத் திரும்பும். அடிபட்டவருக்குச் சைனஸின் பின்சுவர் திரையில் தெரிந்தால், சுவர் எங்கோ உடைந்திருக்கலாம் என்ற சந்தேகம் வர வேண்டும். சளி நிரம்பிய சைனஸும் இப்படித் தெரியும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

சரி, தெரியாத இடங்கள்? முதலாவது, எலும்பின் உள்பக்கம். நாக்குப் பக்கச் சுவர் மட்டும் விரிசல் விட்டிருந்தால் வெளியிலிருந்து பார்க்கும் புரோப்புக்கு அது நிழலுக்குள் போய்விடும். இரண்டாவது, விலகாத மெல்லிய விரிசல். இரு முனைகளும் ஒட்டியபடியே இருந்தால் வெள்ளைக் கோட்டில் அறுபட்ட இடம் கண்ணில் படாமல் போகலாம். மூன்றாவது, பல் பதிந்திருக்கும் மேற்புறம். பற்களும் வேர்களும் எலும்பு விளிம்பும் சேர்ந்து படத்தைக் குழப்பிவிடும். மேல்தாடை முழுவதுமாகப் பெயரும் முறிவுகளை 1901-ல் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் மூன்று வகையாகப் பிரித்தார். மூன்றிலும் முகத்தின் ஆழத்தில் இருக்கும் டெரிகாய்ட் தட்டு உடைந்திருக்கும். அந்த ஆழத்துக்கு அல்ட்ராசவுண்ட் போகவே போகாது, அங்கே சிடி ஸ்கேன்தான்.

நான்காவது இடம்தான் உங்கள் தங்கைக்கு முக்கியம்: தாடை மூட்டின் தலைப்பகுதி. பல் மருத்துவர்கள் காண்டைல் என்பார்கள். காதுத் துளைக்கு நேர் முன்னால், வாயைத் திறந்து மூடும்போது விரலுக்குக் கீழே நகர்வது அதுதான். கீழ்த்தாடை குதிரை லாடம் மாதிரி வளைந்து, இரு முனையிலும் மண்டை ஓட்டோடு சேர்ந்திருக்கிறது. முன்னால் விழும் அடியின் விசை எலும்பு வழியே ஓடி, மிக மெல்லிய இடத்தில் போய் வெடிக்கும். அந்த மெல்லிய இடம் காண்டைலின் கழுத்து. முகவாயில் வெட்டுக்காயத்தோடு வருபவருக்கு இரண்டு காதுகளின் முன்புறத்தையும் பார்க்காமல் தையல் மட்டும் போட்டு அனுப்பக் கூடாது என்று எங்கள் துறையில் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

காண்டைலின் கழுத்து முறிந்தால் பெரும்பாலும் மேல் துண்டு சும்மா நிற்காது. அதில் ஒட்டியிருக்கும் ஒரு தசை, பக்கவாட்டு டெரிகாய்ட் தசை, துண்டை முன்னோக்கியும் உள்நோக்கியும் இழுத்துப் போய்விடும். உள்நோக்கி என்றால் புரோப்பிலிருந்து விலகி, மற்ற எலும்பின் நிழலுக்குள். போதாததற்கு, மூட்டின் மேல்பகுதியைக் கன்ன எலும்பு வளைவின் வேர் மறைத்துக்கொண்டு நிற்கிறது. மூட்டு உறைக்கு உள்ளேயே தலை நொறுங்கியிருந்தால் அந்தக் குறுகிய சந்து வழியாகப் பார்த்துக் கண்டுபிடிப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். கழுத்துக்குக் கீழே, வெளிப்பக்கம் விலகிய முறிவு என்றால் நன்றாகவே தெரியும். ஆகவே "காண்டைலை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம்" என்பதும் உண்மை, "பார்த்தும் தப்பிவிடும்" என்பதும் உண்மை. எந்த வகை முறிவு என்பது முன்கூட்டியே தெரியாது, அதனால்தான் சுத்தமான ஸ்கேன் இங்கே சமாதானம் தராது.

யார் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். வயிறு, கர்ப்பம் என்று தினமும் ஸ்கேன் செய்பவருக்கு முக எலும்பின் இயல்பான மேடுபள்ளங்கள் பழக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கீழ்த்தாடையில் இரண்டாவது சிறு கடைவாய்ப்பல்லுக்கு அருகே நரம்பு வெளிவரும் ஒரு துளை எல்லோருக்கும் உண்டு. கோட்டில் அது ஒரு இடைவெளியாகத் தெரியும், தெரியாதவர் முறிவு என்று எழுதிவிடுவார். அதன் ஓரங்கள் வழுவழுப்பாக இருக்கும், மறுபக்கத்திலும் அதே இடத்தில் அதேபோல் இருக்கும். ஆகவே இரு பக்கத்தையும் ஒப்பிடாமல் செய்த தாடை ஸ்கேனை அரைகுறை என்றே சொல்வேன். தாடைக் கோணத்துக்குச் சற்று முன்னால் முகத் தமனி ஏறும் இடத்தில் எலும்பு இயல்பாகவே உள்வாங்கியிருக்கும், அங்கும் ஏமாறலாம். புரோப் சாய்ந்து, ஒலி செங்குத்தாகப் படாமல் போனால் முழு எலும்பும் அறுந்ததுபோல் காட்டும்.

ஒழுங்காகச் செய்யும் முறை இப்படி இருக்கும். வீங்கிய இடத்தில் அழுத்தாமல், ஜெல்லைத் தாராளமாக அப்பி, ஜெல்லின் மேலேயே புரோப்பை மிதக்கவிட வேண்டும். முகவாயின் நடுவிலிருந்து கீழ் விளிம்பை ஒட்டியே காது வரை போய், பிறகு அதே பாதையில் புரோப்பைத் திருப்பி வைத்து இன்னொரு முறை. மூட்டுப் பகுதியில் வாயை மெல்லத் திறந்து மூடச் சொல்லி, தலைப்பகுதி கழுத்தோடு சேர்ந்து நகர்கிறதா, அல்லது தாடை மட்டும் நகர்ந்து தலை நின்றுவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். நகரும் காட்சியை அந்த நொடியே பார்க்கும் இந்த வசதி சாதாரண சிடி ஸ்கேனில் கிடையாது. காயத்தின் வழியாகத் தோலுக்கடியில் காற்று புகுந்திருந்தாலோ அடர்ந்த தாடி இருந்தாலோ படம் கெட்டுவிடும். கண்ணில் அடிபட்டு விழி கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கண்குழி அருகே புரோப்பை வைத்து அழுத்தவே கூடாது.

இப்போது வீட்டாரின் பயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானது, ஆனால் கணக்கு வேறு. ஓபிஜி எனப்படும், தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் பல் எக்ஸ்ரேவின் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு உடம்பைப் பாதிக்கும் அளவைச் சொல்லும் அலகு). பூமியில் சும்மா வாழ்வதாலேயே ஒருவருக்கு இயற்கையிலிருந்து ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. அதாவது அந்த எக்ஸ்ரே ஏறக்குறைய மூன்று நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். அதுவும் தாயின் முகத்துக்குப் போவது. கர்ப்பப்பையை எட்டுவது உடம்புக்குள் சிதறி வரும் மிகச் சொற்பம் மட்டுமே.

சிடி எடுத்தால் தாய்க்குக் கிடைக்கும் அளவு கூடும், முகத்துக்குச் சுமார் 1 மில்லிசீவர்ட், இயந்திரத்தைப் பொறுத்து ஏறலாம் இறங்கலாம். அப்போதும் தலை, கழுத்து சிடியில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கு (உடம்பு உறிஞ்சும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் போகாது. கருவுக்குக் கேடு வரும் என்று மருத்துவ அமைப்புகள் எச்சரிக்கும் அளவு 50 மில்லிகிரேயிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையில் ஐயாயிரம் மடங்கு தூரம் இருக்கிறது. ஈய உடுப்பு போடுவார்கள், போடாவிட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. கர்ப்பிணி என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள், ஆனால் கர்ப்பிணி என்பதற்காகத் தேவையான தாடைப் படத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அம்மாவால் சாப்பிட முடியாமல் போவதும், வலியும், சீழும் குழந்தைக்கு அந்த எக்ஸ்ரேவைவிட எத்தனையோ மடங்கு கெடுதல்.

எந்தப் படம் என்று கேட்டால், பெரும்பாலும் ஓபிஜியில் தொடங்குவார்கள். காண்டைல் கழுத்தை அது நன்றாகவே காட்டும். அதிலும் ஒரு பலவீனம் உண்டு: முகவாயின் நடுப்பகுதியில் பின்கழுத்து முதுகெலும்பின் நிழல் வந்து விழுவதால் அங்குள்ள விரிசல் மங்கிப்போகும். கவனியுங்கள், ஓபிஜி மங்கலாகக் காட்டும் அந்த முன்பகுதியைத்தான் அல்ட்ராசவுண்ட் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. ஒன்றின் குருட்டுப் புள்ளியை மற்றது நிரப்புகிறது. இரண்டையும் போட்டியாளர்களாகப் பார்க்காமல் சேர்த்துப் பார்த்தால் பல நேரங்களில் சிடி வரை போகாமலே முடிந்துவிடும். அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முடிவெடுக்கும் நிலை வந்தால் சிடியோ, கூம்பு வடிவக் கதிரால் பல்லையும் தாடையையும் படமெடுக்கும் கோன் பீம் சிடியோ தேவைப்படும். கதிர்வீச்சே வேண்டாம் என்று குடும்பம் பிடிவாதமாக நின்றால் மருந்து ஏற்றாத எம்ஆர்ஐ ஒரு மாற்று. மூட்டுக்குள் ரத்தம் தேங்கியிருப்பதையும் குருத்தெலும்புத் தட்டு நகர்ந்திருப்பதையும் அது காட்டும், முறிவையும் பெரும்பாலும் காட்டிவிடும். மெல்லிய எலும்பு விவரத்துக்கு மட்டும் சிடி அளவுக்கு வராது.

படத்துக்கு முன்பே மருத்துவரின் கையும் கண்ணும் நிறையச் சொல்லிவிடும். பற்கள் பழையபடி சேரவில்லை என்று நோயாளி சொன்னால், அதை எந்த ஸ்கேனாலும் அலட்சியப்படுத்த முடியாது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடும் விதத்தில் ஒரு மயிரிழை மாறினாலும் நம் வாய்க்கு உடனே தெரிந்துவிடும். வாயைத் திறக்கும்போது முகவாய் ஒரு பக்கமாக ஒதுங்கினால், ஒதுங்கும் பக்கத்துக் காண்டைலில்தான் பிரச்சினை இருக்கும். முன்பற்கள் சேராமல் கடைவாய்ப் பற்கள் மட்டும் முட்டினால் இரு பக்கமும் முறிந்திருக்கலாம். நாக்குக்கு அடியில் நீலம் பாரித்த ரத்தக்கட்டு, கீழ் உதட்டிலும் முகவாயிலும் மரத்துப்போன உணர்வு, காதுத் துளையிலிருந்து ரத்தம், ஈறு கிழிந்து பக்கத்துப் பற்கள் மேலும் கீழுமாக நிற்பது, இவை எல்லாமே முறிவின் வலுவான அடையாளங்கள். பல் இருக்கும் பகுதியில் முறிவு என்றால் அது வாய்க்குள் திறந்த காயம் என்று கொண்டு ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். மூச்சுத் திணறல், எச்சிலை விழுங்க முடியாமை, நாக்கு பின்னால் விழுவதுபோன்ற உணர்வு வந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. முகவாயின் இரு பக்கமும் முறிந்தால் நாக்கைத் தாங்கும் பிடிப்பு போய்விடும், அது உயிருக்கு ஆபத்து. விழுந்ததில் கழுத்தும் அடிபட்டிருக்கலாம், கழுத்து வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்படியானால் அல்ட்ராசவுண்டை எப்போது முதலில் எடுக்கலாம்? நகர்த்த முடியாத நிலையில் தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு, கழுத்துப் பட்டை போட்டிருப்பதால் ஓபிஜி இயந்திரத்தில் நிற்க முடியாதவருக்கு, எக்ஸ்ரே வசதி தொலைவில் இருக்கும் இடத்தில், அசையாமல் உட்காராத குழந்தைக்கு. இவர்களிடம் படுக்கையருகிலேயே சில நிமிடத்தில் முறிவைக் காட்டிவிட்டால் அடுத்த படி வேகமாக நடக்கும். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் இரட்டைக் கவனம் தேவை. கீழ்த்தாடையின் வளர்ச்சிக்குக் காண்டைல் பகுதி முக்கியம். அங்கே முறிவு தவறிப்போனால் தாடை ஒரு பக்கம் வளராமல் முகம் கோணலாகலாம், மூட்டே இறுகி வாய் திறக்காமல் போகலாம். "ஸ்கேன் நார்மல்" என்று குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன், வாய் திறப்பு முழுதாகத் திரும்பும் வரை மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்னும் அல்ட்ராசவுண்டுக்கு வேலை இருக்கிறது. முறிந்த இடத்தில் புது எலும்பு படரத் தொடங்குவது எக்ஸ்ரேவில் தெரிவதற்கு முன்பே அதில் தெரியும். வீக்கம் திரும்ப வந்தால் அது வெறும் வீக்கமா, சீழா என்று பிரித்துச் சொல்லவும் அதுவே எளிய வழி. உங்கள் தங்கைக்கு முறிவு உறுதியானால் இந்தத் தொடர் கவனிப்பில் பெரும்பகுதியைக் கதிர்வீச்சு இல்லாமலே செய்யலாம்.

முறிவு என்றதும் அறுவை சிகிச்சை என்று பதற வேண்டாம். காண்டைல் முறிவில் பலவற்றுக்கு மென்மையான உணவு, சில வாரங்களுக்குப் பற்களில் ரப்பர் வளையங்கள், பிறகு வாய் திறக்கும் பயிற்சி, இவையே போதும். மூட்டை ரொம்ப நாள் கட்டிவைப்பதுதான் கெடுதல், இறுகிப்போகும். அறுவை தேவைப்பட்டாலும் நான்காவது மாதம் என்பது அதற்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பான காலம், மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் கூட இருந்து செய்வார்கள். ஒன்றை மட்டும் நீங்களே மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்: அவருக்கு இன்னும் வாந்தி இருக்கிறதா என்பதை. பற்களைக் கம்பியால் இறுகக் கட்டிய நிலையில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் உண்டு. வாந்தி எடுக்கும் கர்ப்பிணிக்குக் கம்பிக்குப் பதில், உடனே கழற்றக்கூடிய ரப்பர் வளையத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். கம்பிதான் வேண்டும் என்றால் அதை வெட்டும் கருவியை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, வீட்டில் இருப்பவருக்கும் எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுக்க வேண்டும்.

அதுவரை கஞ்சி, கூழ், பால், மசித்த உணவு மட்டும். கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வலிக்குக் கர்ப்பத்தில் பாராசிட்டமால் போதும், மற்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். போகும்போது பழைய அல்ட்ராசவுண்ட் படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள். இடது மூட்டின் படம் அதில் இருக்கிறதா, வாய் திறந்தும் மூடியும் பார்த்திருக்கிறார்களா என்று அவர் பார்க்கட்டும். அந்தப் படமே இல்லை என்றால், இடது மூட்டை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.